மேசை தேடிய கைப்பேசி

மன்னர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆராய்வர். உழைக்கும் மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்தம் வீட்டில் எப்பொருள் இருந்தது, எப்பொருள் இல்லை என்பதை முதலில் கணக்கெடுத்தல் வேண்டும். நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் வட்டாரத் தோட்டங்களின் கல்வி வரலாறும் அவ்வாறு கணக்கெடுத்தே அறியத்தக்கது. அவ்வரலாற்றில் நெடுங்காலம் இல்லாதிருந்த பொருள்களுள் ஒன்று மேசை. மிக எளிய இப்பொருளின் இன்மை சிலேட்டுக் காலத்தில் தொடங்கித் திறன்பேசிக் காலம்வரை வேறுவேறு வடிவில் தொடர்ந்து வந்துள்ளது. கையடக்கக் கைப்பேசியையே மேசைக்கணினியாகவும் மடிக்கணினியாகவும் மாற்றிக்கொள்ள உலகின் பெருநிறுவனங்கள் செய்த முயற்சிகளின் வரலாற்றை, அவ்வின்மையின் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மைப் பயன் விளங்கும்.

தோட்டமும் பள்ளியும்

பகாவ், ஜெம்போல் மாவட்டத்தின் முதன்மை நகரம். கிம்மாஸில் பிரிந்து, பகாங்கையும் கிளந்தானையும் கடந்து, தும்பாட்டில் முடியும் கிழக்குக்கரை இருப்புப்பாதை இந்நகரின் வழியே செல்கிறது. 1931ஆம் ஆண்டில் முழுமைபெற்ற அப்பாதையின் தென்பகுதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பகாவை எட்டிவிட்டது. இருப்புப்பாதையை அடுத்து ரப்பர் வந்தது. ரப்பரை அடுத்துத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய தொழிலாளர் வந்தனர். கெடிஸ், ஜெராம் பாடாங் முதலிய தோட்டப் பெயர்கள் அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைத்துவிட்டன.

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்வெட்டி, நண்பகலுக்குமேல் வீடு திரும்பிய தொழிலாளிக்குத் தோட்டம் தந்த இருப்பிடம் லயத்து வீடு. படுக்கவும் சமைக்கவுமே இடம் போதாத அவ்வீட்டில், பிள்ளை படிப்பதற்கென ஒரு மூலை ஒதுக்கப்பட்டதில்லை. பிள்ளை தரையில் குப்புறப் படுத்துப் படித்தது; அல்லது முன்புறத்து அஞ்சடியில் அமர்ந்து, மடிமேல் சிலேட்டை வைத்து எழுதியது. மண்ணெண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு வந்தபின்னரும், பல தோட்டங்களில் இயந்திரம் ஓடும் சில மணி நேரமே வெளிச்சம் இருந்தது.

பள்ளியைப் பொறுத்தவரை சட்டம் இருந்தது. நெகிரி செம்பிலானையும் உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்துதல் வேண்டும் என விதித்தது. எனினும், எத்தகைய பள்ளி என்பதில் அச்சட்டம் பெரும் அக்கறை காட்டவில்லை. ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் இருந்தால் சட்டம் நிறைவுற்றதாகக் கருதப்பட்டது. தோட்டத்துக் கிராணியோ கங்காணியோ ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்த இடங்களும் உண்டு. பள்ளி உண்டு என்று ஏட்டில் எழுதலாம். படிக்க வழி உண்டு என்று எழுத இயலாது. ஒரு பொருள் இருப்பது வேறு, அதனைப் பயன்கொள்ளும் வசதி இருப்பது வேறு என்னும் உண்மையைத் தோட்டத்துத் தமிழர் அன்றே பட்டறிந்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் அவ்வுண்மை வேறோர் உருவில் திரும்பி வந்தது.

2020ஆம் ஆண்டு காட்டிய கணக்கு

கோவிட் பெருந்தொற்றினால் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இயங்கலைக்கு மாறின. அவ்வேளையில் கல்வியமைச்சு 670,118 பெற்றோரிடம், அவர்தம் 893,331 பிள்ளைகளைக் குறித்து ஆய்வொன்று நடத்தியது. அதன் முடிவுகள் நாட்டையே சிந்திக்கவைத்தன. எவ்வித மின்னணுக் கருவியும் இல்லாத மாணவர் 36.9 விழுக்காட்டினர். மடிக்கணினி உடையோர் 9 விழுக்காடு. மேசைக்கணினி உடையோர் 6 விழுக்காடு. கைக்கணினி உடையோர் 5.76 விழுக்காடு. திறன்பேசி உடையோரோ 46 விழுக்காட்டினர்.

இவ்வெண்களைப் படித்தோர் பெரும்பாலும் முதல் எண்ணையே சுட்டிப் பேசினர். கருவியே இல்லாதோர் மூன்றிலொரு பங்கினருக்கும் மேல் என்பது கவலைக்குரியதே. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், அதே அட்டவணையில் மற்றொரு செய்தியும் அடங்கியிருந்தது. நாட்டின் மாணவர்க்குக் கணினியாகப் பயன்பட்டது மடிக்கணினியன்று, திறன்பேசியே என்பதுதான் அது.

பிள்ளைகளுக்குக் கருவி வழங்க அரசு எடுத்த முயற்சிகளும் வரலாற்றில் பதிவாக வேண்டியவை. 2010ஆம் ஆண்டு முதல் எளிய குடும்பத்து மாணவர்க்குச் சிறு மடிக்கணினிகள் வழங்கும் திட்டம் நடைபெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில், அரசு சார்ந்த நிறுவனங்களின் நன்கொடையைக் கொண்டு, 500 பள்ளிகளின் மாணவர்க்கு 150,000 கருவிகள் வழங்கும் ‘செர்டிக்’ திட்டம் தொடங்கப்பட்டது. நாட்டின் பள்ளி மாணவரோ ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர். நூறு பேர் நிற்கும் வரிசையில் மூவர்க்குக் கிட்டியது என்று இதனைக் கணக்கிடலாம். எஞ்சியோர் கையில் இருந்ததைக் கொண்டே படித்தனர்.

கையில் இருந்ததைக் கொண்டு படித்தல் எவ்வாறு நடந்தது? புலனத்தில் ஆசிரியர் அனுப்பிய பயிற்சித்தாள் உள்ளங்கை அகலத் திரையில் தோன்றும். வினாவைப் பெரிதாக்கினால் பத்தி மறையும். பத்தியைப் பார்த்தால் வினா மறையும். விடை எழுதப் புகுந்தாலோ, விசைப்பலகையே திரையின் பாதியை விழுங்கிவிடும். வினாவையும் விடையையும் ஒருசேர நோக்கும் வாய்ப்பில்லை. ஒரு பத்திக் கட்டுரையைக் கட்டைவிரல்களால் தட்டி முடிப்பதற்குள், சிந்தனையின் ஓட்டம் அறுந்துபோகும். ஆகவே மாணவர் பலர் தாளில் எழுதி, அதனைப் படமெடுத்து அனுப்பினர். எழுதிய கட்டுரையைத் திருத்தி, வரிகளை முன்பின்னாக மாற்றி, மீண்டும் செப்பனிடும் பயிற்சி அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இங்கே குறைந்தது கணிக்கும் ஆற்றலன்று. 2020ஆம் ஆண்டில் மலிவு விலைக்கு விற்ற திறன்பேசியிலும், பத்தாண்டுகளுக்கு முன் மாணவர்க்கு வழங்கிய சிறு மடிக்கணினிகளைவிட மிகுந்த நினைவகம் இருந்தது. கணினியின் மூளை பிள்ளையின் கையிலேயே இருந்தது. கண்ணுக்கெதிரே விரிந்த திரையும், பத்து விரலும் இயங்கும் விசைப்பலகையும், அவற்றை வைக்க ஒரு மேசையும் இல்லை. சிலேட்டை மடியில் வைத்து எழுதிய பாட்டனின் நிலையிலேயே பேரனும் இருந்தான்.

தொலைக்காட்சி திரையான காலம்

மூளையை ஓரிடத்தும் திரையை வேறிடத்தும் வைத்து, வேண்டும்போது இணைத்துக்கொள்ளும் எண்ணம் புதியதன்று. வீட்டுக் கணினியின் தொடக்கமே அவ்வெண்ணத்தில்தான் அமைந்தது. 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த சின்கிளேர் நிறுவனத்தின் சிறு கணினிக்குத் தனித்திரை கிடையாது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்து புகழ்பெற்ற கமடோர் 64 என்னும் கணினியையும் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தே பெரும்பாலோர் பயன்படுத்தினர். திரைதான் விலை மிகுந்த பகுதி; அது வீட்டில் முன்னரே இருக்கிறது; ஆகவே எஞ்சியதை மட்டும் மலிவாக விற்கலாம் என்பது அந்நிறுவனங்களின் கணக்கு. இக்கணக்கு பலித்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அக்கருவிகளில் நிரல் எழுதக் கற்றனர்.

மடிக்கணினி வந்தபின் இவ்வெண்ணம் வேறு வடிவெடுத்தது. பயணத்தில் சிறியதாகவும், அலுவலகத்தில் பெரியதாகவும் ஒரே கணினி இயங்க வேண்டும் என வணிகர் விரும்பினர். 1992ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘பவர்புக் டுவோ’ என்னும் மெல்லிய மடிக்கணினியை, மேசைமேலுள்ள பெட்டிக்குள் செலுத்தினால், அது பெருந்திரையுடன் கூடிய மேசைக்கணினியாக இயங்கியது. கப்பல் துறைமுகத்தில் வந்து நிற்பதுபோல் கருவி வந்து பொருந்தும் இவ்வமைப்பை ஆங்கிலத்தில் ‘டாக்’ என்றனர். இக்கட்டுரையில் அது ‘தாங்கி’ எனப்படுகிறது.

கைப்பேசிக்குத் தாங்கி

கைப்பேசியின் ஆற்றல் பெருகியபோது, அதனையும் இவ்வாறு பொருத்தினால் என்ன என்னும் கேள்வி எழுந்தது. 2007ஆம் ஆண்டு மே மாதம் பாம் நிறுவனம், கைப்பேசியோடு இணைந்து இயங்கும் ‘ஃபோலியோ’ என்னும் மடிக்கணினி வடிவக் கருவியை அறிவித்தது. கடைக்கு வருமுன்பே, அதே ஆண்டு செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டில் ‘ரெட்ஃபிளை’ என்னும் மற்றொரு கருவி வெளிவந்தது. மூளையின்றித் திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்டு, கைப்பேசியின் துணையால் இயங்கிய அக்கருவியும் நிலைக்கவில்லை.

2011ஆம் ஆண்டு ஜனவரியில், லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற மின்னணுப் பொருட்காட்சியில் மோட்டோரோலா நிறுவனம் ‘ஏட்ரிக்ஸ்’ என்னும் திறன்பேசியைக் காட்சிக்கு வைத்தது. இவ்வரலாற்றின் முதற்பெரும் மைல்கல் இதுவேயாகும். இரட்டை உட்கருக் கொண்ட செயலியும் ஒரு கிகாபைட் நினைவகமும் அதில் இருந்தன. மூளையற்ற மடிக்கணினி போன்ற ஓர் உடலின் பின்புறத்தில் அதனைச் செருகினால், 11.6 அங்குலத் திரையில் முழு இணைய உலாவி விரிந்தது. கண்டோர் வியந்தனர். ஆனால் அவ்வுடல் மட்டும் ஏறத்தாழ 500 அமெரிக்க வெள்ளி. அவ்விலைக்கு அன்று தனியே இயங்கும் முழு மடிக்கணினி ஒன்றையே வாங்கலாம். இயக்கமோ மெதுவாக இருந்தது. 2012ஆம் ஆண்டில் மோட்டோரோலா அம்முயற்சியை நிறுத்தியது.

கட்டற்ற மென்பொருள் உலகிலும் இக்கனவு இருந்தது. உபுண்டு இயங்குதளத்தை உருவாக்கிய கனோனிக்கல் நிறுவனம், கைப்பேசியாகவும் முழுக் கணினியாகவும் இயங்கும் ‘உபுண்டு எட்ஜ்’ என்னும் கருவிக்காக 2013ஆம் ஆண்டு பொதுமக்களிடம் நிதி திரட்டியது. 3 கோடியே 20 லட்சம் அமெரிக்க வெள்ளி இலக்கு; ஒரு மாதத்தில் உறுதியளிக்கப்பட்டது ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் வெள்ளி. இலக்கை எட்டாததால் கருவி பிறக்கவில்லை. கைப்பேசியையும் கணினியையும் ஒன்றாக்கும் பணியைக் கைவிடுவதாக 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனம் அறிவித்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முயற்சி 2015ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ‘லூமியா 950’ என்னும் திறன்பேசியைச் சிறு தாங்கி வழியே திரையோடு இணைத்தால், விண்டோஸ் போன்ற மேசைத்தளம் தோன்றியது. தோற்றம் விண்டோஸ், ஆனால் உலகம் பல்லாண்டுகளாகப் பழகிய விண்டோஸ் நிரல்கள் அதில் ஓடவில்லை. கைப்பேசிக்கும் மேசைக்கும் பொதுவாக எழுதப்பட்ட புதிய நிரல்கள் மட்டுமே ஓடின; அவையோ மிகச் சில. வாசல் பெரியதாயினும் வீட்டுக்குள் பொருளில்லை என்பதுபோல் ஆயிற்று. அந்நிறுவனத்தின் கைப்பேசி இயங்குதளமே 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தது.

நிலைத்து நின்ற முயற்சி சாம்சுங் நிறுவனத்தினுடையது. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் ‘கேலக்சி எஸ்8’ திறன்பேசியுடன் ‘டெக்ஸ்’ என்னும் அமைப்பு அறிமுகமாயிற்று. தாங்கியில் பொருத்தியதும், பல சாளரங்களை அருகருகே வைத்து வேலைசெய்யும் மேசைத்தளம் திரையில் தோன்றியது. ஆண்ட்ராய்டுச் செயலிகள் ஏற்கெனவே பெருகியிருந்தமையால், ‘உள்ளே பொருளில்லை’ என்னும் குறை இங்குப் பெரிதும் எழவில்லை. 2018ஆம் ஆண்டின் ‘நோட் 9’ திறன்பேசிக்குத் தாங்கியும் தேவைப்படவில்லை. தொலைக்காட்சியோடு இணைக்கும் கம்பியே போதியதாயிற்று. 2020ஆம் ஆண்டில் கம்பியின்றியும் இணைக்க முடிந்தது. ஹுவாவெய் நிறுவனம் 2017ஆம் ஆண்டிலும், மோட்டோரோலா மீண்டும் 2021ஆம் ஆண்டிலும் இவ்வழியில் நடந்தன. 2025ஆம் ஆண்டு மே மாதம் கூகுள் நிறுவனம், சாம்சுங்குடன் சேர்ந்து ஆண்ட்ராய்டிலேயே மேசைத்தளத்தை உருவாக்கி வருவதாக அறிவித்தது. தனி நிறுவனங்களின் புதுமையாக இருந்தது, இயங்குதளத்தின் இயல்பாக மாறும் காலம் அவ்வாறு தொடங்கிற்று.

தோல்விகள் கற்பிக்கும் பாடம்

இத்தனை நிறுவனங்கள், இத்தனை பொருட்செலவு, இத்தனை அறிவாற்றல் இருந்தும் இம்முயற்சிகள் மக்களிடையே பரவாததன் காரணம் யாது? விலையும், வேகக்குறைவும், நிரல்களின் பற்றாக்குறையும் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள். அவை உண்மையே. ஆயினும் அவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. இக்கருவிகள் யாவும் ஏற்கெனவே மடிக்கணினி வைத்திருந்தோரை நோக்கியே விற்கப்பட்டன. விமான நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே பயணம் செய்யும் வணிகரே விளம்பரங்களில் தோன்றினர். அவர்க்கு இது ஒரு வசதி, தேவையன்று. பையில் மடிக்கணினி இருக்கையில், கைப்பேசியைக் கணினியாக்க அவர் ஏன் முயலவேண்டும்?

தேவை உண்மையில் எங்கு இருந்ததோ, அங்கு இக்கருவி செல்லவில்லை. திறன்பேசியைத் தவிர வேறு கணினி இல்லாத வீடுகளைச் சேர்ந்தோரே இதனால் மிகுந்த பயன் பெறக்கூடியவர். ஆனால் மேசைத்தள வசதி பெரும்பாலும் உயர்விலைத் திறன்பேசிகளிலேயே வைக்கப்பட்டது. உயர்விலைத் திறன்பேசி வாங்க வல்லவர் மடிக்கணினியும் வாங்க வல்லவர். தாகமுள்ளவனுக்குக் கிணறு காட்டாமல், ஆற்றங்கரையில் இருப்பவனுக்குக் குடம் குடமாய் நீர் கொடுத்த கதை இது.

இதில் ஒரு தொழில்நுட்ப நுணுக்கமும் உண்டு. 2014ஆம் ஆண்டில் ‘யூஎஸ்பி-சி’ என்னும் புதிய செருகுவாய் வகுக்கப்பட்டது. மின்னூட்டம், தரவு, திரைக்காட்சி ஆகிய மூன்றையும் ஒரே கம்பியில் அனுப்ப வல்லது அது. காலப்போக்கில் மலிவு விலைக் கைப்பேசிகளிலும் அதே வடிவச் செருகுவாய் இடம்பெற்றது. வடிவம் ஒன்றே, உள்ளமைப்பு ஒன்றன்று. மலிவுக் கைப்பேசிகளில் மின்னூட்டத்துக்கும் குறைவேகத் தரவுக்கும் வேண்டிய இணைப்புகளே பெரும்பாலும் உள்ளன. திரைக்காட்சியை அனுப்பும் இணைப்பு விடுபட்டுள்ளது. கடையில் கம்பியை வாங்கி வந்து தொலைக்காட்சியில் செருகும் குடும்பம், திரையில் ஒன்றும் தோன்றாதது கண்டு ஏமாறும். தவறு கம்பியிலும் இல்லை, தொலைக்காட்சியிலும் இல்லை. வெளியே ஒன்றுபோல் தோன்றும் வாயிலின் உள்ளே கதவு அடைக்கப்பட்டிருக்கிறது. கூகுள் நிறுவனத்தின் உயர்விலைக் கைப்பேசிகளிலேயே இக்கதவு 2024ஆம் ஆண்டில்தான், ‘பிக்சல் 8’ வரிசையில் திறக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

விசைப்பலகையும் தமிழும்

திரைக்கு அடுத்தது விசைப்பலகை. இதில் நிலைமை சற்று ஆறுதல் தருவது. கம்பியில்லா விசைப்பலகையை மலிவு விலை ஆண்ட்ராய்டுக் கைப்பேசியோடும் இணைக்க முடியும். அதற்கு மேசைத்தள வசதி வேண்டுவதில்லை. கைப்பேசியைப் புத்தகக் கட்டின்மேல் சாய்த்து நிறுத்தி, எதிரே விசைப்பலகையை வைத்தால், திரையை மறைக்கும் மென்விசைப்பலகை நீங்கும். பத்து விரலாலும் தட்டலாம். முழு மேசைக்கணினி ஆகாவிடினும், கட்டுரை எழுதும் மாணவனுக்குப் பாதித் தொல்லை தீரும்.

தமிழில் தட்டுவதற்கும் வழி பிறந்துள்ளது. அவ்வழியை அமைத்தவருள் ஒருவர் மலேசியத் தோட்டச் சூழலோடு தொடர்புடையவர் என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது. மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்த கவிஞர் முரசு நெடுமாறன், தோட்டப் பள்ளியில் ஆசிரியராய் விளங்கியவர். அவர்தம் மகனார் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் கணினிக்கான முரசு மென்பொருளையும், 2005ஆம் ஆண்டில் கைப்பேசிக்கான ‘செல்லினம்’ செயலியையும் உருவாக்கி வெளியிட்டார். சென்னையில் 1999ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு தரப்படுத்தப்பட்டது. ஆகவே கணினிக்கு வேண்டிய தமிழும் உண்டு. கைப்பேசிக்கு வேண்டிய தமிழும் உண்டு.

எனினும் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் இடைவெளி தோன்றுகிறது. விரலால் தொடும் மென்விசைப்பலகைக்கென எழுதப்பட்ட தமிழ்ச் செயலிகள் யாவும், வெளியிலிருந்து இணைக்கும் விசைப்பலகைக்கு ஒத்துழைப்பதில்லை. தாங்கியில் பொருத்திய கைப்பேசியில் ஆங்கிலம் தடையின்றி ஓட, தமிழ் தயங்கி நிற்கும் நிலை ஏற்படலாம். மாணவர் தமிழ்99 அமைப்பைத் தட்டுப் பலகையில் முறையாகப் பயிலாவிடின், அத்தயக்கம் மேலும் பெருகும். கருவியை வாங்குவோர் இதனை முன்னரே சோதித்தறிதல் நலம்.

ஒரு வீடு, ஒரு கைப்பேசி

இவ்வளவு கூறியபின், பகாவ் வட்டாரத்து வீடொன்றில் இக்கருவி எவ்வாறு பொருந்தும் என்பதை நேர்மையாக எண்ணிப்பார்த்தல் வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை மிகுந்தது. தோட்ட வேலைக்கு அயல்நாட்டார் வந்தனர். தமிழ்க் குடும்பங்கள் பல லயத்தைவிட்டு நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீடு அரிதாயிற்று. ஆகவே திரை வீட்டில் உண்டு என்று மகிழலாம். ஆனால் தொலைக்காட்சி கூடத்தில் இருக்கிறது. பாட்டி தொடர் பார்க்கும் நேரமும் பிள்ளை படிக்கும் நேரமும் ஒன்றே.

அதனினும் பெரிய இடர், கைப்பேசி யாருடையது என்பது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்த ஒரே திறன்பேசி பெரும்பாலும் தந்தையுடையது அல்லது தாயுடையது. பெற்றோர் வேலைக்குச் சென்றபோது அதுவும் உடன் சென்றது. மாலையில் அது திரும்பி வந்தபின், மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் படித்தனர். எத்துணைச் சிறந்த தாங்கியாயினும், கைப்பேசி வீட்டில் இல்லாதபோது அது வெற்றுப் பலகையே. யாவற்றையும் ஒரே கருவியில் அடக்குவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு: அக்கருவி உடைந்தால் பேச்சு, பணம், படிப்பு ஆகிய மூன்றும் ஒருசேர நின்றுபோகும்.

ஆகவே தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தாங்கி தீர்வாகாது. அப்பிள்ளைக்குத் தனிக்கருவியே வேண்டும். இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று, தனக்கெனத் திறன்பேசி வைத்திருக்கும் மாணவர்க்கே இது பொருந்தும். அவர்க்கும் இதனை வீட்டுப் பொருளாக மட்டும் எண்ணாமல், பொதுப் பொருளாக எண்ணினால் பயன் பன்மடங்காகும். கைப்பேசி மூன்று நான்கு ஆண்டுகளில் பழையதாகும். ஆனால் நல்ல திரையும் விசைப்பலகையும் பத்தாண்டுகள் உழைக்கும். விரைந்து மாறுவது மாணவர் கையில் இருக்கட்டும். நெடுநாள் நிற்பது பள்ளியிலோ, நூலகத்திலோ, ஆலய மண்டபத்திலோ இருக்கட்டும். பத்துத் திரைகளும் பத்து விசைப்பலகைகளும் கொண்ட ஓர் அறையில், மாணவர் தத்தம் கைப்பேசியைக் கொணர்ந்து பொருத்திப் படிக்கலாம். எழுதியது அவர்தம் கைப்பேசியிலேயே தங்கும். எழும்பும்போது கையோடு எடுத்துச் செல்லலாம். அறையில் விட்டுச்செல்ல எதுவும் இல்லை. நச்சுநிரல் புகுந்து பழுதாகும் பொதுக் கணினிகளின் பராமரிப்புச் செலவும் பெரிதும் குறையும். எக்கைப்பேசியில் திரைக்காட்சி இணைப்பு உண்டு, எதில் இல்லை என்பதை வாங்குமுன் பெற்றோர்க்கு எடுத்துரைக்கும் கடமை ஆசிரியருடையது. இரண்டு கைப்பேசிகள் ஏறத்தாழ ஒரே விலையில் விற்கும்போது, அவ்வொரு சொல் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுப் பயனை நிர்ணயித்துவிடும்.

முடிவுரை

1923ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத்துக்குப் பள்ளியைத் தந்தது. அப்பள்ளியைப் பள்ளியாக்கியவர் அதில் பணிபுரிந்த ஆசிரியரும், பிடியரிசி சேர்த்தும் பிள்ளையை அனுப்பிய பெற்றோருமே. கைப்பேசியும் அவ்வாறே. உலகின் பெருநிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து அதனுள் ஒரு கணினியை வைத்துத் தந்துள்ளன. ஆனால் அதன்முன் அமர ஓர் இடத்தை அவை தரவில்லை, தரப்போவதுமில்லை. அவ்விடத்தைச் சமூகமே அமைத்தல் வேண்டும்.

சிலேட்டை மடிமேல் வைத்து எழுதியோர் தம் பிள்ளைகளுக்கு ஒரு மேசை வாங்கித்தர அரும்பாடு பட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் கையில் இன்று கணினி இருக்கிறது. பகாவ் வட்டாரத்துப் பள்ளியொன்றின் ஒதுக்கமான அறையில் பத்துத் திரைகள் ஒளிரும் நாளில், தோட்டத்துக் கல்வி வரலாற்றில் நெடுங்காலம் நிரப்பப்படாதிருந்த ஓரிடம் நிரம்பும்.